புக்மார்க் மீளும், ஹிஸ்டரி பெரும்பாலும் மீளாது

ரங்கூனில் கரண்ட் போய்த் திரும்பியதும் கணினியைப் போட்டு குரோமைத் திறக்கிறீர்கள். புக்மார்க் பட்டை துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. மதுரைத் திட்ட மின்னூலகத்தில் குறித்து வைத்த நூல்கள், பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்குச் சேர்த்த பாடங்கள், விசா விண்ணப்பப் பக்கம், எதையும் காணோம். பதற்றத்தில் பலரும் பிரவுசரை மூடி மூடித் திறந்து பார்ப்பார்கள். அப்படியும் வரவில்லை என்றால் அதை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். மூடித் திறக்கும்போது புக்மார்க்கில் ஏதாவது மாறினால், மீட்க இருந்த ஒரே பிரதி போய்விடலாம். நீக்கும்போது "உலாவல் தரவையும் நீக்கவா" என்று கேட்கும் கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் மிச்சம் மீதியும் போய்விடும்.

எனவே முதலில் வைஃபையையோ போன் ஹாட்ஸ்பாட்டையோ அணையுங்கள். அடுத்துப் பிரவுசரை முழுதாக மூடுங்கள். ஜன்னலை மூடிய பிறகும் குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம், அதனால் டாஸ்க் மேனேஜரில் பார்த்து நிறுத்த வேண்டும். பிறகு புரொஃபைல் ஃபோல்டர், அதாவது பிரவுசர் உங்கள் புக்மார்க், ஹிஸ்டரி எல்லாம் வைத்திருக்கும் ஃபோல்டர், முழுவதையும் ஒரு பென்டிரைவுக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். இனி என்ன தவறு நடந்தாலும் இந்த நிலைக்காவது திரும்ப முடியும்.

விண்டோஸில் அந்த ஃபோல்டர் இருக்கும் இடம்: சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட். (பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம், திரையில் ஆங்கில எழுத்தில் இருக்கும்.) ஆப்டேட்டா மறைந்திருக்கும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டும் வசதியையும், ஃபைல் பெயரின் வால்பகுதியை (எக்ஸ்டென்ஷன்) காட்டும் வசதியையும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுமே பின்னால் தேவைப்படும். எட்ஜ் வைத்திருப்பவர்கள் கூகுள், குரோம் என்ற இடத்தில் மைக்ரோசாஃப்ட், எட்ஜ் என்று போனால் போதும். இரண்டும் குரோமியம் என்ற ஒரே அடித்தள மென்பொருளில் கட்டியவை என்பதால் உள்ளே இருக்கும் ஃபைல்களும் ஏறக்குறைய ஒன்றேதான்.

உண்மையில் தொலைந்ததா?

தொலைந்ததாகச் சொல்லப்படுவதில் கணிசமானவை தொலையவே இல்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் தவறுதலாகச் சேர்த்து அழுத்தினால் பட்டை மறைந்துகொள்ளும், மறுபடி அழுத்தினால் வந்துவிடும். யூசர் டேட்டாவுக்குள் டிஃபால்ட்டுடன் புரொஃபைல் 1, புரொஃபைல் 2 என்றும் ஃபோல்டர்கள் இருந்தால், வீட்டில் வேறு யாரோ திறந்த புரொஃபைலில் நீங்கள் நின்றுகொண்டிருக்கலாம். ஒவ்வொன்றிலும் இருக்கும் புக்மார்க்ஸ் ஃபைலின் அளவைப் பார்த்தாலே எது உங்களுடையது என்று தெரிந்துவிடும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. போன் வாங்கும்போது கடைக்காரரே ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்துவிடுவது நம்மூரில் சகஜம். வாங்கியவருக்கு அந்த முகவரியும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. பிறகு கணினிக்கென்று வேறு கணக்கு திறப்பார். போனில் குறித்தது கணினியில் வராததற்கு இதுதான் காரணம். புதிய குரோமில் கணக்கோடு சேர்ந்த புக்மார்க்குகளும் கருவியில் மட்டும் இருப்பவையும் தனித்தனி. கணக்கிலிருந்து வெளியேறினால் முதல் வகை கண்ணில் படாது, அதே கணக்கில் நுழைந்தால் திரும்ப வரும். எந்தக் கணக்கு என்று தெரிய வேண்டுமே, அதுதான் பாடு.

பர்மிய மொழிப் பக்கங்களையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குழப்பம். நாடு யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1 அன்று. அதற்கு முன் குறித்த தலைப்புகள் பல ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவின் முறையில் இருக்கும். ஸோஜியும் யூனிகோடும் ஒரே குறியெண் வரிசையை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவதால், இன்றைய விசைப்பலகையில் தட்டித் தேடினால் அந்தத் தலைப்புகள் அகப்படாது. தலைப்பை விட்டுவிட்டுத் தளத்தின் முகவரியில் ஒரு துண்டைத் தட்டித் தேடுங்கள். தமிழில் பழைய தனி எழுத்துரு காலத்துப் பக்கங்களைக் குறித்து வைத்தவர்களுக்கும் இதே வழிதான். விக்கிப்பீடியா கதை வேறு. 2021 பிப்ரவரியில் எல்லா மொழி விக்கிப்பீடியாவும் இங்கே தடுக்கப்பட்டதால், புக்மார்க் இருந்தும் பக்கம் திறக்கவில்லை. அதற்கு மீட்பு வேலை எதுவும் உதவாது.

குரோமின் இரண்டாம் பிரதி

டிஃபால்ட் ஃபோல்டரில் புக்மார்க்ஸ் என்று வால் இல்லாத ஒரு ஃபைலும், புக்மார்க்ஸ் டாட் பேக் என்று ஒன்றும் இருக்கும். இரண்டும் ஜேசன் வடிவில் அமைந்த வெறும் எழுத்து ஃபைல்கள்தான், நோட்பேடில் திறந்து படிக்கலாம். டாட் பேக் என்பது பிரவுசர் தானாக எடுத்துவைக்கும் முந்தைய பிரதி. பிரவுசரைத் திறந்த பிறகு புக்மார்க்கில் ஏதாவது மாறினால், அப்போதைய நிலை டாட் பேக்கின் மேல் எழுதப்படும். வெறுமையான பட்டையோடு திறந்து, ஒரு பக்கத்தைக் குறித்தீர்களானால் அந்த வெறுமையே பிரதியாகிவிடும். மூடித் திறக்காதே என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

பென்டிரைவில் காப்பி எடுத்தாயிற்று, இன்டர்நெட் இல்லை, குரோம் ஓடவில்லை என்றால் வேலையைத் தொடங்கலாம். இரண்டு ஃபைல்களின் அளவையும் ஒப்பிடுங்கள். புக்மார்க்ஸ் சில கிலோபைட்டும் டாட் பேக் சில நூறு கிலோபைட்டும் இருந்தால் அதிர்ஷ்டம்தான். முதலாவதற்கு வேறு பெயர் கொடுங்கள், இரண்டாவதன் பெயரிலிருந்து டாட் பேக் என்ற வாலை எடுத்துவிடுங்கள். வால் காட்டும் வசதியைப் போடாமல் இதைச் செய்தால் விண்டோஸ் வாலை ஒளித்துவைத்துக்கொண்டு பெயர் மாறியதுபோல் பாவனை காட்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். புதிய குரோமில் அக்கவுண்ட்புக்மார்க்ஸ் என்றும் ஒரு ஃபைல் இருக்கலாம். கணக்கோடு சேர்ந்தவை அதில் இருக்கும், அதையும் திறந்து பாருங்கள்.

இப்போது குரோமைத் திறந்தால் புக்மார்க்குகள் தெரியும். உடனே இன்டர்நெட்டைப் போட்டுவிடாதீர்கள். சிங்க் எனப்படும் ஒத்திசைவு ஓடிக்கொண்டிருந்தால், இவை அழிக்கப்பட்டவை என்று கூகுள் சர்வர் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கும். இணைந்த மறுகணமே கண்முன் மறுபடி மறைவது அதனால்தான். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தி புக்மார்க் மேனேஜரைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து எச்டிஎம்எல் ஃபைலாக வெளியே எடுங்கள். பிறகு இணைப்பைப் போடுங்கள். புக்மார்க்குகள் மறைந்தாலும் கவலை இல்லை. அதே மெனுவில் இம்போர்ட் கொடுத்து அந்த எச்டிஎம்எல்லை உள்ளே இழுங்கள். இப்படி வருபவை புதிய புக்மார்க்குகள் என்று கணக்காகி சர்வருக்கும் ஏறும். பட்டையில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் எல்லாம் இம்போர்ட்டட் என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். இரட்டிப்பானவற்றைக் குரோம் களையாது, கையால்தான் நீக்க வேண்டும்.

சற்று முன்புதான் அழித்தீர்கள், மேனேஜர் இன்னும் திறந்தே இருக்கிறது என்றால் இவ்வளவு பாடும் வேண்டாம். கண்ட்ரோல், இசட் போதும்.

சிங்க் காப்புப் பிரதி ஆகாது

"கணக்கில்தான் இருக்கிறதே" என்ற நிம்மதி ஆபத்தானது. ஒரு கருவியில் நடந்ததை மற்ற கருவிகளிலும் நடத்துவதுதான் சிங்க்கின் வேலை. சேர்த்ததைச் சேர்க்கும், அழித்ததை அழிக்கும். குழந்தை போனில் ஒரு ஃபோல்டரை நீக்கினால் வீட்டுக் கணினியிலும் அது போய்விடும். கணக்கிலுள்ள தரவை வெளியே எடுத்துத் தரும் கூகுள் டேக்அவுட்டில் குரோம் தரவைத் தரவிறக்கினால் சர்வரில் இப்போது இருப்பதுதான் கிடைக்கும், நேற்று இருந்தது கிடைக்காது.

ஆனால் இதே இயல்பு ஒரு வழியையும் திறந்து வைக்கிறது. சில நாட்களாக அணைந்தே கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்று, அதே கணக்கோடு வீட்டில் இருந்தால், அழிந்த செய்தி அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ரவுட்டரை அணைத்துவிட்டு அதைத் திறந்து, மேலே சொன்னபடி எச்டிஎம்எல்லாக எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலைக்குக் கரண்ட் இல்லாத நேரம்கூட உதவும். ரவுட்டர் செத்திருக்கும், மடிக்கணினியில் பேட்டரி இருக்கும்.

கரண்ட் போனால் ஏன் இப்படி ஆகிறது?

குரோம் புக்மார்க்ஸ் ஃபைலை நேராகத் திருத்துவதில்லை. தற்காலிக ஃபைல் ஒன்றில் முழுதாக எழுதிவிட்டு, அதைப் பழையதன் இடத்தில் பெயர் மாற்றி வைக்கும். கரண்ட் போனாலும் பழையதோ புதியதோ ஏதாவது ஒன்று முழுசாக மிஞ்ச வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் எழுதிவிட்டதாகச் சொல்லும் ஹார்டு டிஸ்க் உண்மையில் தன் இடைநினைவில் வைத்துக்கொண்டே அப்படிச் சொல்வதுண்டு. அந்த நொடியில் கரண்ட் போனால், பெயர் மாறியிருக்கும், அளவும் சரியாக இருக்கும், உள்ளே மட்டும் ஒன்றுமிராது. நோட்பேடில் திறந்தால் வெற்றிடமாகத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அந்த ஃபைலிலிருந்து எடுக்க எதுவும் இல்லை, டாட் பேக்கைத்தான் நம்ப வேண்டும். பாதி எழுத்துகளாவது தெரிந்தால் எச்டிடிபி என்று தேடித் தேடி முகவரிகளைக் கையால் பொறுக்கிக்கொள்ளலாம்.

யூசர் டேட்டாவின் மேல்மட்டத்தில் லோக்கல் ஸ்டேட் என்று ஒரு ஃபைல் உண்டு. எந்தெந்த புரொஃபைல்கள் இருக்கின்றன என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. இது கெட்டால் புரொஃபைல்கள் தேர்வுத் திரையில் காணாமல் போகும், ஃபோல்டர்கள் மட்டும் அப்படியே கிடக்கும். அவற்றிலிருந்து புக்மார்க்ஸ் ஃபைலை எடுத்துப் புதிய புரொஃபைலில் வைத்தால் முடிந்தது. பாஸ்வேர்டுகள் அப்படி நகராது. அவை அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை. புக்மார்க்குக்கும் ஹிஸ்டரிக்கும் அந்தப் பூட்டு இல்லை.

மேசைக் கணினிக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்றும், கரண்ட் போன இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஒழுங்காக ஷட்டவுன் செய்யும் பழக்கமும் இருந்தால் இந்தப் பகுதி முழுவதும் தேவைப்படாது. இன்வெர்ட்டர் என்றால், கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் கணினி அணைந்து எழுகிறதா என்று ஒருமுறை கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் கொஞ்சம் கருணையானது

புக்மார்க் விஷயத்தில் ஃபயர்ஃபாக்ஸைத்தான் சிபாரிசு செய்வோம். புரொஃபைல் ஃபோல்டருக்குள் புக்மார்க்பேக்கப்ஸ் என்று ஒரு ஃபோல்டரில் தேதி போட்ட பிரதிகளை அதுவே சேர்த்துக்கொண்டு வரும், 15 வரை நிற்கும். ஃபைல் பெயரிலேயே தேதியை அடுத்து எத்தனை உருப்படிகள் என்ற எண்ணும் வரும். 812 என்று வந்துகொண்டிருந்தது ஒருநாள் 9 என்று மாறியிருந்தால், இழப்பு நடந்த நாள் அதுதான். திரும்பக் கொண்டுவர கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தி, இம்போர்ட் அண்ட் பேக்கப், ரிஸ்டோர் என்று போய் அதற்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள். இருப்பதை முழுக்க மாற்றிவிட்டுத்தான் பழையது வரும், இடையில் சேர்த்தவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

ஹிஸ்டரியும் புக்மார்க்கும் சேர்ந்து இருப்பது பிளேசஸ் என்ற எஸ்க்யூலைட் தரவுத்தள ஃபைலில். காப்பி எடுக்கும்போது அதே பெயரில் டபிள்யூஏஎல் என்று முடியும் ஃபைலையும் சேர்த்து எடுங்கள். கடைசியாக நடந்த மாற்றங்கள் பெரிய ஃபைலுக்குள் சேருமுன் அதில்தான் காத்திருக்கும், அதை விட்டுவிட்டு எடுத்தால் அண்மையவை வராது. முகவரிப் பட்டையில் தட்டித் திறக்கும் அபவுட் சப்போர்ட் பக்கத்தின் அடிப்பகுதியில் பிளேசஸ் டேட்டாபேஸ் என்ற தலைப்பின் கீழ் வெரிஃபை இன்டெக்ரிட்டி என்று ஒரு பொத்தான் உண்டு. சிறு கோளாறு என்றால் அதுவே சரி செய்யும். முற்றிலும் கெட்டுப்போனால் பழையதை கரப்ட் என்ற வாலோடு ஒதுக்கிவிட்டுப் புதியதை ஃபயர்ஃபாக்ஸே உண்டாக்கி, புக்மார்க்கைப் பிரதியிலிருந்து நிரப்பும். அந்தப் பிரதிகளில் ஹிஸ்டரி கிடையாது.

ஃபயர்ஃபாக்ஸையே புதிதாக்கும் ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்தியவர்கள் டெஸ்க்டாப்பில் ஓல்டு ஃபயர்ஃபாக்ஸ் டேட்டா என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் தனி புரொஃபைல் என்பதால், இரண்டாவதாக ஒன்றை வேறு இடத்தில் போட்டவருக்கும் எல்லாம் போய்விட்டதுபோலத் தெரியும். அபவுட் புரொஃபைல்ஸ் பக்கத்தில் பழையது பத்திரமாக இருக்கும்.

ஹிஸ்டரி

இதில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. புக்மார்க் நீங்கள் வைக்கச் சொல்லி வைத்தது. ஹிஸ்டரி, பிரவுசர் தன் வசதிக்கு எழுதித் தானே துடைப்பது. குரோம் 90 நாட்களுக்கு மேல் கருவியில் வைத்திருப்பதில்லை. நாலு மாதத்துக்கு முன் பார்த்த பக்கம் ஹிஸ்டரியில் இல்லையென்றால் எதுவும் கெடவில்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் பொருள். ஃபயர்ஃபாக்ஸ் நாள் கணக்குப் பார்ப்பதில்லை, கணினியின் திறனுக்கு ஏற்ப இத்தனை பக்கம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கும். இன்காக்னிட்டோ ஜன்னலில் பார்த்தது எழுதப்படவே இல்லை, அதை எந்த மென்பொருளும் மீட்காது.

90 நாளுக்கு அப்பால் தேட ஒரு இடம் உண்டு: கூகுள் கணக்கின் மை ஆக்டிவிட்டி. வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டியும், அதன் கீழ் குரோம் ஹிஸ்டரியைச் சேர்க்கும் கட்டமும் முன்பே திறந்திருந்தால் மட்டுமே பக்கங்கள் அங்கே இருக்கும். 2020க்குப் பிறகு திறந்த கணக்குகளில் 18 மாதத்தில் தானாக அழியும்படி அமைப்பு வருகிறது.

வழியில் சோதனை போடுபவர்கள் போனை வாங்கிப் பார்ப்பார்கள் என்ற கவலையில் புறப்படுமுன் ஹிஸ்டரியைத் துடைப்பது 2021க்குப் பிறகு இங்கே பலருக்கும் பழக்கமாகிவிட்டது. சிங்க் இருந்தால் அந்தத் துடைப்பு வீட்டுக் கணினியையும் எட்டும், மாதக்கணக்கில் சேர்ந்த வேலைத் தடம் அதோடு போகும். மறுபக்கம், தேடிய சொற்கள் மை ஆக்டிவிட்டியில் தனியாக நிற்கும். குரோமில் அழித்தது அங்கேயும் அழிந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. மீட்க வேண்டியவருக்கு அது வழி, மறைக்க வேண்டியவருக்கு அது ஓட்டை. போனில் சிங்க்கை நிறுத்தி வைத்துக்கொண்டால் இரண்டு கவலையும் பாதியாகும்.

பழைய கணினி பழுதாகி ஹார்டு டிஸ்க் மட்டும் கையில் இருந்தால், அதிலுள்ள ஹிஸ்டரி ஃபைலைப் புதிய குரோமில் வைத்துத் திறக்காதீர்கள். 90 நாள் தாண்டிய வரிகளைக் குரோம் கழித்துவிடும். அதற்குப் பதில் டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருளில் ஒரு காப்பியைத் திறந்து, யூஆர்எல்ஸ் அட்டவணையைப் பாருங்கள். நேரம் பெரிய எண்ணாக இருக்கும். அது 1601 ஜனவரி 1 முதல் கணக்கிட்ட மைக்ரோ நொடிகள். 10 லட்சத்தால் வகுத்து 11,644,473,600ஐக் கழித்தால் 1970 முதலான நொடிக் கணக்குக்கு வரும். அதோடு 23,400 கூட்டினால் ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கும் நம் நாட்டு நேரம் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 1970இலிருந்தே எண்ணுவதால் அந்தக் கழித்தல் தேவையில்லை.

பழைய மேசைக் கணினிகளில் வரும் ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 நாணய பேட்டரி செத்துப்போனால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியிலேயே திறக்க முடிந்த பக்கங்களைப் பார்த்தால் அவை 2012, 2015 என்று பதிவாகும். இணைப்பு வந்து தேதி சரியானதும் அவை 90 நாளைத் தாண்டியவை என்று குரோம் கழித்துவிடும். "இன்று காலை பார்த்தது மாலையில் இல்லை" என்பவர்கள் மென்பொருளைத் தேடி அலையாமல் முதலில் இந்த பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம்.

கட்டளைத் திரையில், அண்மையில் தேடிய தளப் பெயர்களைக் கணினி வைத்திருக்கும் டிஎன்எஸ் இடைநினைவைக் காட்டச் சொல்லி ஹிஸ்டரியை மீட்கலாம் என்று ஒரு யோசனை வெகுநாளாகச் சுற்றுகிறது. தளத்தின் பெயர் மட்டுமே அதில் வரும், பக்கம் வராது. கணினியை அணைத்து எழுப்பினால் அதுவும் போய்விடும். மெனக்கெட வேண்டாம்.

போனில்

ஆண்ட்ராய்டில் குரோமின் ஃபைல்களைத் தொட, ரூட் செய்யாத, அதாவது உள் பூட்டைத் திறக்காத, போனில் வழியில்லை. சிங்க் போடாமல் வைத்திருந்து போனை ஃபேக்டரி ரீசெட் செய்தவருக்கு மீட்பு கிடையாது, கடையில் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஐபோன் சஃபாரியில் அழிந்த புக்மார்க்குகளுக்கு ஐகிளவுட் தளத்தில் டேட்டா ரிகவரி என்ற பகுதியில் 30 நாள் அவகாசம் உண்டு.

கடைசி முயற்சி

ஃபைலே அழிந்திருந்தால் ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸில் பிரீவியஸ் வெர்ஷன்ஸ் பாருங்கள். சிஸ்டம் ரிஸ்டோர் புள்ளி எப்போதாவது விழுந்திருந்தால் பழைய பிரதி இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் ரெகுவா, ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள். இங்கே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் உள்ள இரண்டாம் கை மடிக்கணினிக்காரர் புது எஸ்எஸ்டிக்காரரைவிடக் கொடுத்து வைத்தவர். ஹார்டு டிஸ்கில் அழித்த ஃபைலின் இடம், அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை அப்படியே இருக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற கட்டளை அந்த இடத்தைச் சீக்கிரமே வெறுமையாக்கிவிடும். மீட்பு மென்பொருளை அதே டிரைவில் தரவிறக்கி இன்ஸ்டால் செய்தால் தேடும் ஃபைலின் மேலேயே அதை எழுதியதாகலாம். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் யூஎஸ்பி வழியாக மாட்டித் தேடுங்கள். தேட வேண்டியது சில நூறு கிலோபைட் எழுத்து ஃபைல் ஒன்றை மட்டுமே. எச்டிடிபியும் உங்களுக்கு நினைவிருக்கும் ஏதாவது ஒரு தளத்தின் பெயரும் சேர்ந்து வரும் துண்டு கிடைத்தால், சுற்றியிருக்கும் மற்றவையும் பெரும்பாலும் அதே துண்டில்தான் இருக்கும்.